கொடியில் ரெண்டு கண்

29-12-1946, ஞாயிறு

நான் அப்போதே சொன்னேன். இது எல்லாவற்றையும் நான் முன்னாலேயே சொன்னேன். ஆண் பிள்ளை என்றேன், ஆண் பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை என்றேன், ஞாயிற்றுக்கிழமை. சும்மா சாதாரணமாகப் பிறக்காது, ஏதாவது அதிசயத்தோடுதான் வரும் என்றேன். கழுத்தில் கொடி சுற்றிக்கொண்டு, மாலை போட்ட மாப்பிள்ளை மாதிரி வந்து இறங்கியிருக்கிறது! (நடுவில் ஒரு தரம் பெண் என்றும் புதன்கிழமை என்றும் சொன்னேன். அது வாய் தவறி வந்தது. சேர்த்தியில்லை.)

திருத்தணி ரயிலடியில் பதினோரு ஜட்கா நிற்கிறது. அதில் மூன்றாம் பாரம் வரை படித்தவன் கோதண்டம் ஒருவன்தான். டைரி எழுதுகிறவனும் நான்தான். பார்சல் ஆபீஸ் சடகோபன் கழித்துப்போட்ட ரிஜிஸ்தரில் எழுதுகிறேன். இன்று எழுதாமல் வேறு என்றைக்கு எழுதுவது?

என் தங்கை கோமளவல்லிக்கு இதற்கு முன் ரெண்டு தரம் ஐந்தாம் மாதத்திலேயே கலைந்துபோனது. இந்தத் தரம் மூன்றாம் மாதமே அம்மையார்குப்பத்துக்குப் போய், தறியில் உட்கார்ந்திருந்த அவள் புருஷன் மணவாளனிடம், "மாப்பிள்ளை, பத்து மாசம் நான் வெச்சுப் பாத்துக்கறேன். புள்ளையோட அனுப்பறேன்" என்று வாக்குக் கொடுத்து அழைத்து வந்தேன். ரோட்டில் ஒரு பள்ளம் கூட வண்டியில் தெரியாமல் ஓட்டி வந்தேன். (ஒரு பள்ளம் தெரிந்தது.)

விடியற்காலையில் சிங்காரிக்குக் கொள்ளு வைத்துக்கொண்டிருக்கும்போது அழுகைச் சத்தம் கேட்டது. குதிரை காதைத் தூக்கியது. நான் உள்ளே ஓடினேன். என் சம்சாரம் ஜெயம்மா ரெண்டு கையையும் விரித்துக்கொண்டு வாசல்படியில் நின்றாள்.

"உள்ள வராதீங்க! மாலை போட்டுகினு பொறந்திருக்குது. மாமன் மூஞ்சி பாக்கக் கூடாது."

பதினாறாம் நாள் கிண்ணத்து எண்ணெயில் குழந்தையின் நிழலைத் தாய்மாமன் முதலில் பார்க்க வேண்டும். அதற்கப்புறம்தான் நேரில். நடுவில் பார்த்தால் மாமன் உயிருக்கு ஆகாது. நகரியில் அவள் அக்கா புருஷன் இப்படித்தான் பார்த்துவிட்டு, அந்த வருஷமே போனாராம். (அவருக்கு நாலு வருஷமாகக் காசநோய் என்று நான் ஞாபகப்படுத்தவில்லை. ஜெயம்மாவின் கை தாலியைப் பிடித்துக்கொண்டிருந்தது.)

ஆகவே என் பாய் தலையணை குதிரைக் கொட்டாய்க்கு வந்துவிட்டது. சொந்த வீட்டுக்காரன் குதிரையோடு குடியிருக்கிறேன். பயமா? எனக்கா? மத்தூர் ரோட்டில் சிறுத்தையைச் சாட்டையாலேயே விரட்டினவன் நான். அது நாய் என்று சொல்கிறவர்கள் அன்றைக்கு அங்கே இல்லை.

மருத்துவச்சி குப்பம்மாள் மூடி போட்ட மண்சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு, நஞ்சுக்கொடியைப் புதைக்கக் கொல்லைப் பக்கம் போனாள். போகிறபோதே, "இன்னா ஜட்கா நைனா, சிங்காரிகூட தனிக்குடித்தனமா?" என்றாள். நாற்பது வருஷமாக இந்த ஊரில் பாதிப் பேரை அவள்தான் கையில் வாங்கியிருக்கிறாள். யாரை வேண்டுமானாலும் கேலி பேசலாம்.

30-12-1946, திங்கள்

குழந்தை பால் குடித்துக் கக்குகிறதாம். வீட்டில் நாள் முழுக்கக் கழுத்துப் பேச்சுதான். கழுத்தில் தடம் விழுந்திருக்கிறதா, கொடி ஒரு சுற்றா ரெண்டு சுற்றா, எலுமிச்சம்பழம் எத்தனை சுற்ற வேண்டும். நாக்கில் விளக்கெண்ணெய் வைத்தார்கள். அழுகை நேற்றைவிட மெலிசாக இருக்கிறது. சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டேன். ஜெயம்மா, "மாலை போட்ட புள்ளைங்க அப்டிதான் இருக்கும்" என்றாள். ஆமாம், அப்படித்தான் இருக்கும், நானே சொல்லியிருக்கிறேன் என்றேன்.

1-1-1947, புதன், காலை, வேலூர்

ரிஜிஸ்தர் வீட்டில் இருக்கிறது. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து துண்டுக் காகிதத்தில் எழுதுகிறேன். பிற்பாடு ஒட்டிக்கொள்ள வேண்டும். உள்ளே குழந்தையைக் கொண்டுபோயிருக்கிறார்கள். கதவு சாத்தியிருக்கிறது. எழுதாமல் இருந்தால் கதவையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

நேற்று நடந்தது.

வருஷக் கடைசி நாள், படித்திருவிழா. மலையின் முந்நூற்று அறுபத்தைந்து படிக்கும் படிக்கு ஒரு பாட்டுப் பாடி ஏறுவார்கள். மத்தியான ரயிலில் கூட்டம் தாங்கவில்லை. என் வண்டியில் ஏறியது ஓர் அம்மாள், நாற்பத்தைந்து வயதிருக்கும். மூக்குக்கண்ணாடி, கறுப்புக் குடை, வெள்ளைப் புடவை. வேலூரில் பிரசவ டாக்டராம். பெயர் கமலா. வருஷா வருஷம் இந்த ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வந்து படியேறுவாராம்.

என் வண்டியில் ஏறி, கதை கேட்காமல் இறங்கினவர்கள் கிடையாது.

"அம்மா, நான் இன்னும் பத்து நாள்ல செத்தாலும் சாவலாம். தங்கச்சி புள்ளை மாலை போட்டுகினு பொறந்திருக்குது."

டாக்டரம்மாள் சிரித்தார். "கழுத்துல கொடி சுத்தினதா? அஞ்சு குழந்தையில ஒண்ணு அப்படித்தான் வருது. அத்தனை மாமனும் போய்ச் சேர்ந்திருந்தா எங்க ஊர்ல சீர் கொண்டுவர ஆளே இருக்காது."

எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். அவர் தொடர்ந்தார். "எல்லாரும் கழுத்தைத்தான் பாக்கறாங்க. வெட்டின முனையை ஒருத்தரும் பாக்கறதில்லை."

"அதுல இன்னாம்மா இருக்குது?"

குடையை மடியில் வைத்துவிட்டு மூன்று விரலைச் சேர்த்துக் காட்டினார். கொடியைக் குறுக்கே அறுத்தால் அதில் மூன்று கண் தெரியுமாம். ஒரு பெரிய கண், ரெண்டு சின்னக் கண். மூன்றும் குழாய். பெரியது வழியாகத் தாயிடமிருந்து ரத்தம் வருகிறது. சின்னது ரெண்டு வழியாகவும் பிள்ளை உபயோகித்த ரத்தம் திரும்பிப் போகிறது. பத்து மாதமும் ஒரு நிமிஷம் நிற்காமல்! ஒரு ரோடு வர, ரெண்டு ரோடு போக. இருபது வருஷமாக ரயிலடிக்கும் மலைக்கும் வண்டி ஓட்டுகிற எனக்கு, என்னைப் பெற்றவளுக்கும் எனக்கும் நடுவில் அப்படி ஒரு போக்குவரத்து இருந்ததென்று யாரும் சொன்னதில்லை. கடிவாளம் கையில் தளர்ந்துவிட்டது. சிங்காரி தானாக மெதுவாகப் போனது.

"எப்பவாவது ஒரு கொடியில ரெண்டு கண்ணுதான் இருக்கும். போற பாதை ஒண்ணு குறையும். அப்படிப் பிறந்ததுல நிறையக் குழந்தைங்க நல்லாவே இருக்கும். ஆனா சிலதுக்கு உடம்புல வேற எங்கேயாவது ஒரு வேலை பாதியில நின்னிருக்கும். காலோ, இருதயமோ, மூத்திரம் பிரிக்கிற காயோ. ஏன்னு யாருக்கும் நிச்சயமாத் தெரியலை. கர்ப்பத்துல எல்லா வேலையும் ஒரே சமயத்துல பக்கத்துல பக்கத்துல நடக்குது. ஒண்ணு நின்னா இன்னொண்ணும் நிக்குதோ என்னவோ. ஆறு வருஷமா எழுதி வைக்கிறேன். இதுவரைக்கும் ஆறு பார்த்தேன்." பிறகு சும்மா பேச்சுக்குத்தான் கேட்டார்: "உங்க வீட்டுக் குழந்தைக்கு யாராவது எண்ணினாங்களா?"

எண்ணினேன். நான்தான் எண்ணினேன். ஞாயிற்றுக்கிழமை குப்பம்மாள் சட்டியைக் கொட்டாய் ஓரம் இறக்கி வைத்துவிட்டுக் கடப்பாரை எடுக்கத் திரும்பினாள். அந்த நேரம் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். ரெண்டு கண். ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு. அன்றையப் பக்கத்தில் இதை எழுத மறந்துவிட்டேன். வேலை மும்முரம்.

"ரெண்டும்மா" என்றேன்.

அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. "நிச்சயமா?"

"என் கண்ணால பாத்தேன்."

"குழந்தை வெளிக்குப் போச்சா?"

"அது... பொம்பளைங்க சமாசாரம்மா. பால் கக்குதுன்னாங்க. அழுவையும் கொறைஞ்சிகினு வருது."

"வண்டியைத் திருப்புங்க."

"அம்மா, மலை..."

"மலை எங்கேயும் போகாது. திருப்புங்க."

அவர் எங்கள் வீட்டுக்குள் போனார். நான் வெளியே நின்றேன். அப்புறம் அவர் குரல்: "இத்தனை பேர் இருக்கீங்க. ஒருத்தர்கூட இந்தப் பக்கம் விரிச்சுப் பாக்கலையா?" அதற்குக் குப்பம்மாள், "குழி இருந்திச்சே அம்மா... சரியாத்தான் இருக்குதுன்னு... எல்லாரும் கழுத்தையே பாத்துகினு இருந்துட்டோம்" என்றாள். அவள் அப்படிக் குரல் இறங்கிப் பேசி நான் கேட்டதில்லை.

டாக்டரம்மாள் வெளியே வந்து எனக்கும் சொன்னார். மலம் போகிற வாசல் திறக்கவில்லை. மேலே தோல் மூடியிருக்கிறது. ரெண்டரை நாளாக உள்ளே போனது எதுவும் வெளியே வரவில்லை, வயிறு உப்பியிருக்கிறது. தோல் மெல்லிசாக இருந்தால் சின்னக் கத்தி போதும். "இல்லேன்னா..." என்றார். வேலூருக்கு அடுத்த ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

மூன்றரை மணிக்கு அரக்கோணம் ரயில். மணவாளனுக்குப் போட்ட கார்டு போய்ச் சேர்ந்ததோ இல்லையோ. என்னைவிட்டால் ஆண் துணை கிடையாது. ஜெயம்மா குறுக்கே நின்றாள். "நீங்க போவக் கூடாது." என்னைப் பார்த்தாள், உள்ளே பார்த்தாள், என் தோளிலிருந்த துண்டை உருவினாள். "குனிங்க. நானே கட்டறேன். வண்டி ஓட்டற வரைக்கும் முன்னாடியே பாருங்க. ரயில் ஏறினதும் இத்தக் கண்ணுக்கு எறக்கிக்கணும். அவுத்தீங்கன்னா நான் நகரிக்குப் போயிடுவேன்." முடிச்சை ரெண்டு தரம் இறுக்கினாள்.

ரயிலடியில் வண்டியைப் பக்கத்து ஜட்காக்காரன் ராஜகோபால் பார்த்துக்கொண்டான். ஊரெல்லாம் திருத்தணிக்கு வருகிறது, நாங்கள் மட்டும் போகிறோம். பெட்டி காலி. முகத்தில் துண்டோடு நான் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து டிக்கெட் பரிசோதகர், "இன்னாயா, கண்ணு நோவா?" என்றார். "இல்லீங்க, மருமான்" என்றேன். அவர் மேலே கேட்கவில்லை.

அரக்கோணத்தில் காட்பாடி வண்டிக்குக் காத்திருந்தோம். டாக்டரம்மாள் ஸ்டேஷன் மாஸ்டரைப் பார்க்கப் போனார். பெஞ்சில் கோமளா, அவள் மடியில் துணி மூட்டை மாதிரிக் குழந்தை. நான் துண்டுக்குள். தண்டவாளத்தில் எஞ்சின் ஒன்று தண்ணீர் பிடிக்கும் சத்தம்.

"அண்ணா."

"இன்னாம்மா."

"புள்ளை கத்தல. அரக்கோணம் வர்றதுக்கு முன்னாடியே நிறுத்திட்டான்." பெஞ்சில் என் பக்கமாக நகர்ந்தாள். "மூச்சு இருக்குதா பாரு அண்ணா. எனக்குப் பாக்கறதுக்குப் பயமா இருக்குது."

துண்டை எடுத்தேன்.

பார்த்துவிட்டேன்.

உள்ளங்கை அகலம் முகம். கண் இமையில் நீல நரம்பு. வாயோரம் பச்சையாக ஏதோ காய்ந்திருந்தது. மூக்குத் துவாரம் – இதைப் போய்த் துவாரம் என்று சொல்வதா, கடுகு போகாது – அது விரிந்தது. மூடியது. விரிந்தது. மலைமேல் சந்தனக்காப்பு பார்த்திருக்கிறேன், ரத்தின அங்கி பார்த்திருக்கிறேன், எதையும் இப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்ததில்லை. இவ்வளவு சின்ன உடம்புக்குள் எவ்வளவு வேலை நடந்து முடிந்திருக்கிறது! நகம்கூட இருக்கிறது. ஒரே ஒரு வாசல்தான் பாக்கி.

"இருக்குது கோமளா. நல்லா இருக்குது."

டாக்டரம்மாள் வருவதற்குள் துண்டை இறக்கிக்கொண்டேன். "அண்ணிகிட்ட சொல்லாத" என்றேன். கோமளா அழுதுகொண்டே சிரித்தாள்.

கதவு இன்னும் திறக்கவில்லை.

அதே நாள், சாயங்காலம்

மெல்லிசுதான்! தோல் மெல்லிசுதான்! கத்தி வைத்த உடனே வந்துவிட்டதாம். தார் மாதிரி, கன்னங்கரேல் என்று. நர்ஸ் ஒருத்தி அந்தத் துணியைத் தூக்கிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாள். நான் எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டேன். கோதண்டம் இதுவரை கவர்னர் ரயிலுக்குக்கூட எழுந்து நின்றதில்லை.

2-1-1947, வியாழன்

கொப்பூழில் ஒட்டியிருந்த கொடித் துண்டின் அடிப்பக்கம் இன்னும் ஈரம் காயவில்லை. அதில் நூல் கனத்துக்கு ஒரு துண்டை அறுத்து, கண்ணாடிச் சில்லில் வைத்து, பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்தார் டாக்டரம்மாள்.

"பாருங்க. நீங்க சொன்னதுதான்."

ரெண்டு புள்ளி. ஒன்று பெரிசு. ஒன்று சிறிசு.

ஆச்சரியப்பட எனக்கு என்ன இருக்கிறது? முன்பே எண்ணினவன்தானே. ஆனாலும் பூதக்கண்ணாடியைத் திருப்பித் திருப்பி மறுபடியும் எண்ணினேன். பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். சாப்பிடாததால் மயக்கம் என்று நர்ஸிடம் சொன்னேன்.

"நல்ல கண்ணு உங்களுக்கு" என்றார் டாக்டரம்மாள். ஒரு கறுப்பு நோட்டில் ஏழு என்று போட்டு எழுதினார். இருதயம் நன்றாக இருக்கிறதாம். மூத்திரக் காய் எப்படியென்று போகப் போகத்தான் தெரியும், மூன்று மாதம் கழித்துக் கொண்டுவாருங்கள் என்றார். நோட்டை மூடும்போது, "இதுல ஒண்ணு தப்பா எழுதினாலும் மத்ததும் பிரயோஜனமில்லாம போயிடும். எண்ணிக்கையே இவ்வளவுதான்" என்றார்.

3-1-1947, வெள்ளி

மாப்பிள்ளை வந்தார். குழந்தையின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார். "மச்சான், நீங்க எண்ணலன்னா..." என்றார். நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். ரெண்டு மணி நேரம் ஆயிற்று.

10-1-1947, வெள்ளி

நேற்று ஊர் திரும்பினோம். இன்று ரயிலடியில் ஆறு தரம் சொன்னேன். ஆறாவது தரம் சொல்லும்போது சட்டியை நான் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் பார்த்ததாக வந்துவிட்டது. விடியற்காலையில் பெட்ரோமாக்ஸ் ஏது என்று ராஜகோபால் கேட்டான். பொறாமை.

13-1-1947, திங்கள்

பதினாறாம் நாள். வெண்கலக் கிண்ணத்தில் நல்லெண்ணெய் ஊற்றி, குழந்தையை என் தோளுக்குப் பின்னால் பிடித்தார்கள். குனிந்து எண்ணெயில் பார்த்தேன். மஞ்சள் வெளிச்சத்தில் அந்த முகம் ஆடியது. முதல் தரம் பார்க்கிறவன் மாதிரி "ஆகா!" என்றேன். நன்றாகத்தான் செய்தேன். கோமளா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். ஜெயம்மா, "பாத்தாச்சா? நல்லாப் பாத்தீங்களா?" என்று கேட்டுவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்து, பதினைந்து நாளாக அடக்கி வைத்திருந்ததையெல்லாம் அழுது தீர்த்தாள். அப்புறம் குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டவள் சாயங்காலம் வரை யாரிடமும் கொடுக்கவில்லை.

துளசிங்கம் என்று பெயர் வைத்தோம்.

எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது குப்பம்மாள் கொட்டாய்ப் பக்கம் வந்தாள்.

"ஜட்கா நைனா, ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காத. நீ எப்போ பாத்த?"

"சட்டியத் தூக்கிகினு போனியே, அப்போ."

"சட்டி என் இடுப்ப விட்டு எறங்கவே இல்லியே. கடப்பாரையும் நான் எடுக்கல. முந்தின நாளே குழி வெட்டி வெச்சிருந்தேன்."

(கடப்பாரை இல்லையென்றால் மண்வெட்டியாக இருக்கும்.)

நான் சிங்காரியின் பிடரியைத் தடவினேன். அவள் குரலைத் தணித்துக்கொண்டாள். "ரெண்டு கண்ணுதான். அறுக்கும்போதே எனக்குத் தெரியும். வாயத் தொறக்கல. மாலைன்னு ஒரு வார்த்தை சொன்னதுக்கே உன்னக் கொட்டாய்க்கு ஓட்டிட்டாங்க. இத்தயும் சொன்னா அந்தப் பச்சை மண்ண இன்னா பண்ணுவாங்களோ, கோமளாவ இன்னா சொல்லுவாங்களோன்னு இருந்துட்டேன். நாப்பது வருசத்துல இந்த மாரி நாலு பாத்திருக்கேன். ஒண்ணுக்குக் காலு வளைஞ்சி இருந்திச்சி. ஒண்ணு பதினோரு நாள்தான். மத்தது ரெண்டும் நல்லா இருக்குதுங்க, ஒருத்தன் பட்டாளத்துக்கே போய் வந்துட்டான். இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்குதுன்னு எனக்கு ஆரு சொன்னாங்க? சொல்லியிருந்தா அன்னிக்கே திருப்பிப் பாத்திருப்பேனே." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான் ஆர்கிட்டயும் சொல்லாதது உனக்கு எப்டித் தெரிஞ்சிது?"

நான் மலையைப் பார்த்தேன். அவ்வளவுதான் செய்தேன். வாயால் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் மலையைப் பார்த்தாள். "முருகா, நீயா காட்டின?" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

வாயைத் திறக்காமல் சொன்னதும் புளுகில் சேருமா?

15-1-1947, புதன்

மாட்டுப் பொங்கல். சிங்காரிக்குக் கொம்பில்லாத குறை தெரியாமல் நாலு குளம்புக்கும் நீலம் அடித்தேன்.

10-2-1947, திங்கள்

வேலூரிலிருந்து கடிதம். தபால்காரர் எல்லோர் முன்னாலும், "கோதண்டம் அவர்கள், ஜட்கா உரிமையாளர்" என்று படித்துக் கொடுத்தார். டாக்டரம்மாள் தமிழில்தான் எழுதியிருக்கிறார். அப்படியே எழுதி வைக்கிறேன்:

"நான் பார்த்த ஏழு குழந்தைகளைப் பற்றி வைத்தியர்களுக்கான பத்திரிகை ஒன்றில் எழுதப் போகிறேன். உங்கள் மருமகனுடைய கொடியை நான் அறுத்துப் பார்த்தது ஐந்தாம் நாள். அதற்குள் ஒரு குழாய் சுருங்கி மறைந்திருக்கலாமே என்று கேட்பார்கள். முதல் நாள் ஈரக் கொடியில் நீங்கள் எண்ணியதுதான் சாட்சி. பிறந்து எவ்வளவு நேரம் கழித்து, எந்த வெளிச்சத்தில் பார்த்தீர்கள் என்று எழுதி அனுப்புங்கள். உங்கள் பெயரைப் போடுவேன். நாளைக்கு எங்கேயோ ஒரு மருத்துவச்சி ரெண்டு கண்ணைப் பார்த்துவிட்டுக் குழந்தையைத் திருப்பிப் பார்ப்பாளானால், அதில் உங்கள் பங்கும் உண்டு."

என் பெயர்! அச்சில்! இங்கிலீஷில்! சீமையில்கூடப் படிப்பார்களாம், சடகோபன் சொன்னான். ஜெயம்மா அந்தக் கடிதத்துக்குக் குங்குமம் வைத்துவிட்டாள்.

உட்கார்ந்து பதில் எழுதினேன். "பிறந்து அரை மணி நேரம் கழித்து, நல்ல சூரிய வெளிச்சத்தில்..." கிழித்தேன். அரை மணிக்குச் சூரியன் வந்திருக்காது. "முக்கால் மணி நேரம் கழித்து..." அதையும் கிழித்தேன். எத்தனையோ பேருக்கு எத்தனையோ சொல்லியிருக்கிறேன், கை நின்றதில்லை. இன்று நிற்கிறது. அந்தக் கறுப்பு நோட்டு ஞாபகத்துக்கு வருகிறது.

11-2-1947, செவ்வாய்

எழுதவில்லை. வண்டிச் சக்கரத்துக்கு மை போட்டேன். போட்ட சக்கரத்துக்கே மறுபடியும் போட்டேன்.

12-2-1947, புதன்

குப்பம்மாள் வீட்டுக்குப் போனேன். முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்த நாலும் எந்தெந்த வீடு, எந்தெந்த வருசம், சொல்லு. எழுதிக்கறேன்."

"எதுக்கு?"

"டாக்டரம்மா அச்சுல போடறாங்க. உன் பேரும் வரும்."

"என் பேரா? எனக்கு எழுத்தே தெரியாதே."

"எண்ணத் தெரியுமில்ல?"

முறத்தைக் கீழே வைத்தாள். "எண்ணினது நீயுந்தானே. முருகன் உனக்குக் காட்டினாரில்ல?"

"முருகன் ஒண்ணும் காட்டல. நான் பாக்கவே இல்ல. வாயில வந்திச்சி, சொன்னேன்."

ஒரு நிமிஷம் என்னையே வெறித்தாள். அப்புறம் முறம் குலுங்கச் சிரித்தாள். "அட புளுகுணி! ஊரே உன் கண்ணத் தொட்டுக் கும்புடுது!" சிரித்துக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். "அப்போ... நீ மூணுன்னு சொல்லியிருந்தா?"

ரெண்டு பேரும் கேழ்வரகையே பார்த்துக்கொண்டிருந்தோம். தெரிந்தவள் சொல்லவில்லை. தெரியாதவன் சொன்னேன். நடுவில் அது மூச்சு விட்டுக்கொண்டு கிடந்தது.

பிறகு அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். தெரு, வருஷம், மாதம், வீட்டுக்காரி பெயர், எல்லாம் வரிசையாக வந்தது. ஒன்றுகூடத் தடுமாறவில்லை. எழுதின கை எனக்குத்தான் வலித்தது.

14-2-1947, வெள்ளி

கடிதம் போட்டுவிட்டேன். முதல் நாள் எண்ணியது மருத்துவச்சி குப்பம்மாள், திருத்தணி. கொடியை அறுத்த உடனே, அகல் வெளிச்சத்தில், தன் கையில் வைத்து. கூடவே அவளுடைய பழைய நாலு. அவள் பெயரை இங்கிலீஷிலும் நானே எழுத்துக் கூட்டி எழுதினேன். மூன்றாம் பாரம் வரை படித்ததற்கு அதுதான் நல்ல பிரயோஜனம்.

ஜெயம்மாவிடமும் சொன்னேன். அரக்கோணத்தில் துண்டை எடுத்தது உட்பட எல்லாம். கேட்டு முடித்துத் தாலியை ஒரு தரம் தொட்டுக்கொண்டாள். பிறகு, "பாத்து ஒண்ணரை மாசமாச்சில்ல?" என்று கேட்டு, விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டுத் துளசிங்கத்துக்கு எண்ணெய் தேய்க்கப் போனாள். அவன் இப்போது கொழுகொழுவென்று இருக்கிறான். வேளாவேளைக்குத் துணியை நனைத்து, அழுக்காக்கி, வீட்டையே ஆட்டி வைக்கிறான். யாரும் முகம் சுளிப்பதில்லை.

ஜனவரி முதல் தேதிக் காகிதத்தை ரிஜிஸ்தரில் ஒட்டிவிட்டேன். சட்டி மூடியைத் தூக்கிப் பார்த்தேன் என்று அதில் எழுதியிருப்பதை அடிக்கவில்லை, கிடக்கட்டும். மூடியை நான் தூக்கவில்லை. குப்பம்மாள் அந்தப் பக்கம் போனபோது சிங்காரியின் விலாவில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். மாலை என்று கேட்டதிலிருந்து எனக்குப் பயம். சிறுத்தையும் நாய்தான்.

டாக்டரம்மாள் கேட்டபோது மூன்று என்று சொல்லியிருந்தால், சரி என்று குடையைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவைப் பார்க்க ஆரம்பித்திருப்பார். அவர் இறங்க வேண்டிய மலையடிவாரத்துச் சரவணப் பொய்கைக்கு இன்னும் ரெண்டு பர்லாங் இருந்தது. அதுவரைக்கும் கேட்டுக்கொண்டு வரட்டுமே என்றுதான் ரெண்டு என்றேன்.